எட்டாம் வகுப்பு டீச்சரை ஆறாம் வகுப்புக்கு மாற்றினால்?

கேள்வி:

ஏற்காட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் மேலே வந்து போகிறேன். ஒன்பது வருடமாக எட்டாம் வகுப்புதான் என் வகுப்பு. வரும் ஜூனிலிருந்து ஆறாம் வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியர். எட்டாம் வகுப்பு, போன வருடம் வந்து சேர்ந்த ஆசிரியருக்குப் போகிறது. என்னைக் கீழே இறக்கிவிட்டது போலத்தான் இருக்கிறது. சமீபத்தில் ஒரு நாள், ஆறாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்புக்குப் போனேன். ஒரு பையனின் கிறுக்கலான நோட்டைப் பார்த்து, எட்டாம் வகுப்பில் சொல்கிற மாதிரி "ஐயா பெரிய புலவரு போல" என்றேன். அவன் அழுதுவிட்டான். நிறையப் பேருக்கு வாசிப்பே தடுமாறுகிறது. இவர்களுக்கு நான் என்ன இலக்கணம் நடத்துவது? பேசாமல் மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளி கேட்டுவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கீழே இறக்கிவிட்டார்கள் என்ற எண்ணத்தை முதலில் பேசிவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் வேறு எது சொன்னாலும் காதில் ஏறாது. உங்கள் பணி நியமனமே ஆறு முதல் பத்து வரைக்குமானது. அதற்குள் எந்த வகுப்புக்குப் போனாலும் சம்பளத்திலோ பணிமூப்பிலோ எதுவும் மாறாது. இது உங்களுக்கும் தெரிந்ததுதான். வலிப்பது வேறு. இத்தனை வருடம் "எட்டாங்கிளாஸ் தமிழ் டீச்சர்" என்று பிள்ளைகளும் பெற்றோரும் சொல்லிவந்த பெயர் கைவிட்டுப் போகிறது. புதிதாக வந்தவருக்கு அது போகிறது. வருத்தம் நியாயமானது.

ஆனால் தலைமை ஆசிரியர் ஏன் அப்படிச் செய்தார் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். "என்னை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் அது சண்டையில் போய் நிற்கும். "ஆறாம் வகுப்பில் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் சார்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். தலைமை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பள்ளியில் நன்றாகத் தமிழ் நடத்துகிற ஒரே ஒருவரை எந்த வகுப்பில் போடலாம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஆறாம் வகுப்பு என்பேன். எட்டாம் வகுப்பில் நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்ட குறைகளில் பெரும்பாலானவை ஆறாம் வகுப்பில் யாரும் கவனிக்காமல் விட்டவை.

அடுத்து, ஜூனில் உங்கள் முன் உட்காரப் போகிற பிள்ளைகள் யார் என்று பாருங்கள். 2021-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்ந்தவர்கள். கொரோனாவால் அந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளி திறந்ததே நவம்பர் 1-இல்தான். ஜனவரியில் மறுபடி மூடினார்கள். அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வருடம் பாதிக்கு மேல் போய்விட்டது. மலைக் கிராமத்தில், போன் சிக்னல் கிடைக்காத வீட்டில் இருந்த குழந்தைக்கு ஆன்லைன் வகுப்பு என்பதெல்லாம் பெயரளவில்தான். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது இவர்கள் இரண்டாம் வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் அட்டையும் பொம்மலாட்டமுமாகப் படித்து வந்திருக்கிறார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து பழகியவர்கள் திடீரென்று பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். மணி அடித்தால் வேறு டீச்சர், மறுபடி மணி அடித்தால் இன்னொருவர். ஐந்தாம் வகுப்பு வரை காலையிலிருந்து மாலை வரை ஒரே டீச்சரின் முகத்தைப் பார்த்து வந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். நாம் யாரும் இதை ஒரு மாற்றமாகவே நினைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2022-இல் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. பள்ளிக்குப் போனால் பொங்கலோ உப்புமாவோ கிடைக்கும் என்று பழகிய குழந்தை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதிய உணவு வரை காத்திருக்க வேண்டும். அப்பா அம்மா விடியலிலேயே காபித் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிற வீடு என்றால் காலையில் என்ன சாப்பிட்டிருப்பான்? உங்கள் பாடவேளை முதல் பீரியடாகவோ மதிய உணவுக்கு முந்தியதாகவோ இருந்தால் இதை மனதில் வையுங்கள். தூங்கி வழிகிறான், கவனம் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் "சாப்பிட்டியா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாகலூர்ப் பக்கமிருந்தும் மாரமங்கலம் பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இவர்களுக்கு என்ன இலக்கணம் நடத்துவது என்கிறீர்கள். இந்த இடத்தில்தான் உங்கள் ஒன்பது வருடம் கைகொடுக்கப் போகிறது.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் யாப்பு இலக்கணம் வருகிறதே, அசை பிரிக்கச் சொன்னால் எத்தனை பேர் விழிப்பார்கள்? அவர்களுக்கு நேர், நிரை வாய்பாடு தெரியும். தேமா, புளிமா தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனாலும் 'மாம்பழம்' என்று கொடுத்தால் எங்கே வெட்டுவது என்று தெரியாது. காரணம், எது குறில், எது நெடில், ஒற்று எங்கே ஒட்டுகிறது என்பது காதில் பதியவில்லை. அது ஆறாம் வகுப்பின் முதல் இலக்கணப் பாடம். எழுத்துகளின் வகை, தொகை, மாத்திரை. பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு பீரியடில் அட்டவணை போட்டு முடித்துவிடுகிற பாடம்.

நீங்கள் அதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதே மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான சொல் எது? 'மா' சொல்லும்போது இரண்டு முறை கை தட்டட்டும். 'ம்' அரை மாத்திரை, ஒரு விரலால் உள்ளங்கையில் மெல்லத் தொட்டால் போதும். 'ப' ஒரு தட்டு, 'ழ' ஒரு தட்டு, 'ம்' மறுபடி விரல். கூட்டிப் பார்த்தால் ஐந்து மாத்திரை. அப்புறம் அவரவர் பெயரைத் தட்டச் சொல்லுங்கள், ஊர்ப் பெயரைத் தட்டச் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்சம் சத்தமாக இருக்கும், இருக்கட்டும். இந்தக் காது வந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு வருடம் கழித்து 'மாம் / பழம்' என்று வெட்டி, நேர் நிரை, கூவிளம் என்று சொல்வதில் ஒரு கஷ்டமும் இராது. அந்தப் பாடம் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவர் நடத்துவதற்கும் தெரியாதவர் நடத்துவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆறாம் வகுப்பு மட்டுமே எடுத்தவருக்கு இது தெரிய வாய்ப்பு குறைவு.

வல்லினம் மிகும் இடங்களும் அப்படித்தான். விதியாக வருவது எட்டில். ஆனால் 'பள்ளிக்குச் சென்றான்' என்று சத்தமாக, சரியாக வாசிக்கக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த 'ச்' எழுத்தில் தானாக விழும். ஆறாம் வகுப்பில் விதி சொல்லாதீர்கள். தினமும் ஒரு பத்தியை நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

வாசிப்புத் தடுமாற்றத்துக்கு வருவோம். ஜூன் மாதம் முழுக்கப் பாடப் புத்தகத்தை விரட்ட வேண்டாம். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, தினம் நாலைந்து பேர். மற்றவர்கள் உள்ளே நூலகப் புத்தகமோ படக்கதையோ பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாடநூலிலிருந்து கொடுக்காதீர்கள், மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நீங்களே நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"மழை நின்றது. பாட்டி ஆட்டுக்குட்டியைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து விட்டாள். அது துள்ளிக்கொண்டு ஓடிப்போய்ப் பலா மரத்தடியில் நின்றது."

ஒரு பிள்ளை 'கொட்டகை'யை 'கெட்டகை' என்று வாசிப்பான். கொம்பைப் பார்க்கிறான், பின்னால் வருகிற காலைப் பார்க்கவில்லை. இன்னொரு பெண் 'ஆட்டுக்குட்டி' என்று சொல்லிவிட்டு 'யைக்' என்பதை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுவாள். சொல்லின் தலையைப் பார்த்து மீதியை ஊகிக்கிற பழக்கம் அது. மூன்றாவது ஒருவன் கடகடவென்று பிசகாமல் வாசிப்பான். "குட்டி எங்கே போய் நின்னுச்சு?" என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த மூன்று பேரையும் நாம் பொதுவாக 'மெல்லக் கற்போர்' என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறோம். மூன்றாமவனை அந்தப் பட்டியலில்கூடச் சேர்ப்பதில்லை, நன்றாகப் படிக்கிறான் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை.

மூன்று பேருக்கும் வேண்டியது வேறு வேறு. முதல் பையனுக்கு கெ, கே, கொ, கோ என்று ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் வரிசையில் தினம் பத்து நிமிடச் சொற்பயிற்சி போதும், சில வாரங்களில் தேறிவிடுவான். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லுக்கடியில் விரல் வைத்து, நீங்களும் கூடவே வாசியுங்கள். மூன்றாமவனுக்கு இனி வாய்விட்டு வாசிக்கும் வேலையே வேண்டாம். படித்ததைப் படமாக வரையச் சொல்லுங்கள், பக்கத்துப் பையனுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் 'திறன்' இயக்கத்தில் தமிழுக்கும் பயிற்சி நூலும் மதிப்பீடும் கொடுத்திருக்கிறார்கள். அதைச் செய்யுங்கள். ஆனால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உங்கள் கையால் எழுதிய குறிப்பு ஒன்று தனியாக இருக்கட்டும். செப்டம்பரில் அதே நாலு வரி போல வேறு நாலு வரி கொடுத்து மறுபடி கேளுங்கள்.

எழுத்து விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மலையில் பேசுகிற தமிழுக்கென்று ஒரு வாய் இருக்கிறது. எஸ்டேட் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் பேசுவது வேறு மொழியாகக்கூட இருக்கும். 'என் வீடு' பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால், ஒரு பிள்ளை "எங்க வூட்டுல மூணு ஆடு இருக்குது ஒன்னு செனையா இருக்குது" என்று எழுதுவாள். எட்டாம் வகுப்பு டீச்சரின் கை உடனே சிவப்புப் பேனாவைத் தேடும். கொஞ்சம் நிறுத்திவிட்டு அதை வாசித்துப் பாருங்கள். அந்த வரியில் ஒரு பொய் இல்லை, காப்பி இல்லை. கைடு புத்தகத்திலிருந்து எடுத்த 'எனது இல்லம் மிகவும் அழகானது' என்பதைவிட எவ்வளவோ மேல். அடியில் நீலப் பேனாவால் "எங்கள் வீட்டில் மூன்று ஆடுகள் இருக்கின்றன. ஒன்று சினையாக இருக்கிறது" என்று எழுதி, "குட்டி போட்டதும் சொல்லு" என்று ஒரு வரி சேருங்கள். மறுவாரம் அவள் பக்கம் நிறைய எழுதுவாள். திருத்தும்போது ஒரு மாதத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் குறில் நெடில் பிழை மட்டும். ணகர, னகர, நகரத்தை இரண்டாம் பருவத்தில் மயங்கொலிப் பாடம் வரும்போது பிடித்துக்கொள்ளலாம். நாக்கு எங்கே தொடுகிறது என்று அவர்களையே தொட்டுப் பார்த்துச் சொல்ல வைத்து நடத்த வேண்டிய பாடம் அது. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுழித்துக் கொடுத்தால் நோட்டைத் திறக்கவே பயப்படுவார்கள்.

அந்த அழுத பையன். உங்களுக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பதிமூன்று வயதுப் பையன் "பெரிய புலவரு" என்றால் சிரிப்பான், பதிலுக்கு அவனும் ஏதாவது சொல்வான். அந்த வயதில் அது ஒரு நெருக்கம். பதினொரு வயதில் சொன்னது சொன்னபடிதான் உள்ளே போகும். டீச்சர் எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் பண்ணினார் என்பது மட்டும்தான் அவனுக்கு நிற்கும். எட்டாம் வகுப்பில் உங்களுக்குக் கைவந்த அந்தப் பேச்சை இங்கே மூட்டை கட்டி வையுங்கள். அவர்கள் அடுத்தவன் பென்சிலை எடுத்துவிட்டான் என்று ஓடி வருவார்கள், முழங்கையில் காயம் என்று காட்டுவார்கள், தலைப்புக்கு அடிக்கோடு போடலாமா என்று நாற்பது பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். முதல் மாதம் சோர்வாகத்தான் இருக்கும். ஆனால் இதே பிள்ளைகள்தான் வெட்கமில்லாமல் பாடுவார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு செய்யுளை ராகத்தோடு பாடச் சொன்னால் பெஞ்சுக்கடியில் தலையை விடுகிற பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் இயலிலேயே தமிழ்க்கும்மி இருக்கிறது. எழுதியவர் பாவலரேறு பெருஞ்சித்திரனார், நம் சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்தவர். கும்மியை உட்கார்ந்தபடி பொருள் எழுதிப் போட்டு நடத்தக் கூடாது என்பது என் பிடிவாதம். மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். மழை என்றால் வராந்தாவில். பெண் பிள்ளைகளில் யாருக்காவது கும்மியடிக்கத் தெரிந்திருக்கும், மலையில் கோயில் திருவிழாவில் பார்த்திருப்பார்கள். அவளையே நடுவில் நிறுத்தி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வையுங்கள். பையன்களும் சேரட்டும். பருவத் தேர்வு போக, வகுப்பிலேயே நீங்கள் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஜிகினா ஒட்டிய சார்ட்டுக்குப் பதில் இதற்கும், கதை சொல்வதற்கும் கொடுக்கலாம்.

மே மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாலாம், ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்துவிடுங்கள். முடிந்தால் ஏப்ரலிலேயே பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்குப் போய், ஐந்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். அங்கே இருக்கும் டீச்சருக்கு இந்தப் பிள்ளைகளை ஐந்து வருடமாகத் தெரியும். யாருக்குக் கண் பார்வை குறைவு, யார் பாட்டி வீட்டில் வளர்கிறாள், யாரை யாரோடு சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்பதை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே போல உங்கள் எட்டாம் வகுப்புக் குறிப்புகளைப் புதிய ஆசிரியரிடம் மனசாரக் கொடுத்துவிடுங்கள். கொங்குநாட்டு வணிகம் பாடத்துக்கு நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்கள், யாப்புக்குப் போட்ட பயிற்சித் தாள்கள் எல்லாம் அவருக்கு உதவும். உங்கள் பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்து அவரிடம்தானே போவார்கள்.

அல்லது உங்களிடமே வரலாம். அதைத்தான் தலைமை ஆசிரியரிடம் கேட்கச் சொல்கிறேன். "ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்கிறேன் சார். ஆனால் இந்தப் பிள்ளைகளோடவே ஏழுக்கும் எட்டுக்கும் என்னை அனுப்ப வேண்டும்" என்று கேளுங்கள். தமிழுக்கு ஒரே ஆசிரியர் மூன்று வருடம் தொடர்ந்து வந்தால், ஒவ்வொரு ஜூனிலும் யாருக்கு என்ன தெரியும் என்று முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. ஆறில் மாத்திரை தட்டிய கைக்கு எட்டில் நீங்களே அசை பிரிக்கச் சொல்லித் தரலாம். உங்கள் பள்ளியில் இரண்டு மூன்று தமிழாசிரியர்கள் இருந்தால் இந்தச் சுற்று தாராளமாக நடக்கும். புதிய ஆசிரியருக்கும் இதே ஏற்பாட்டைச் சொல்லலாம், அவர் அடுத்த ஆறாம் வகுப்பைப் பிடித்துக்கொள்வார். கால அட்டவணை போட்டு முடித்த பிறகு போய்க் கேட்டால் வேலைக்காகாது. பள்ளி திறப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

கலந்தாய்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுச் சூழல், உடல்நிலை, இருபது கொண்டை ஊசி வளைவு தினமும் ஏறி இறங்குகிற அலுப்பு, இதில் ஏதாவது காரணம் என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பு என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம். கீழே எந்தப் பள்ளிக்குப் போனாலும் புதிதாக வந்தவர் என்று உங்கள் கையில் முதலில் கொடுக்கப் போவது பெரும்பாலும் ஆறாம் வகுப்பைத்தான். இங்கேயாவது இந்தப் பிள்ளைகளின் அண்ணன், அக்காக்களை உங்களுக்குத் தெரியும்.